கலம், கச்சேரி, நாற்காலி: பெயரில்லா மேசைக்கு ஒரு முன்வரலாறு

அலுவலகத்தில் எவருக்கும் நிலையான மேசை கிடையாது. காலையில் வருபவர் கைபேசிச் செயலியில் ஓர் இருக்கையை முன்பதிவு செய்கிறார். அன்று கிடைத்த இடத்தில் மடிக்கணினியை விரிக்கிறார். மாலையில் ஒரு துண்டுத் தாளும் மிஞ்சாமல் மேசையை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாள் அதே இடத்தில் வேறொருவர் இருப்பார். பகிர்வு மேசை, நெகிழ்வு அலுவலகம் என்றெல்லாம் சொல்லப்படும் இந்த ஏற்பாடு 2020-க்குப் பின் இந்திய நகரங்களில் வேகமாகப் பரவியது. அவ்வாண்டு ஏப்ரலில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், 2025-க்குள் தன் பணியாளரில் நான்கில் ஒரு பங்கினர் மட்டும் அலுவலகத்திலிருந்து வேலை செய்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. 2023-இன் பிற்பகுதியில் அதே நிறுவனம் வாரத்தின் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் இத்துறையில் பல இடங்களில் தலைக்கு ஒரு மேசை என்ற பழைய கணக்கு குலைந்துவிட்டது.

இந்த மாற்றத்துக்குப் பணியாளரைப் பழக்குவது எப்படி என்பது இன்று மேலாண்மைத் துறையின் கேள்வியாகக் கேட்கப்படுகிறது. செயலி, பூட்டறை, தூய மேசை விதி, பயிற்சி வகுப்பு என்று விடைகளும் தயாராக உள்ளன. எனினும் இருக்கையை இழப்பவர் எதை இழக்கிறார் என்பது தெளியாமல் இவ்விடைகள் பயன்தரா. அது அந்தந்த ஊரின் வரலாற்றோடு சேர்ந்த கேள்வி. திருவனந்தபுரத்தில், 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே உள்ள வலியசாலையில் அக்கேள்விக்கு ஆயிரம் ஆண்டுப் பழைமை உண்டு.

1. சாலை

'வலிய சாலை' என்றால் பெரிய சாலை. இன்று தமிழில் சாலை என்பது வண்டி ஓடும் வழி. பாடசாலை, தொழிற்சாலை, அறச்சாலை ஆகிய கூட்டுச்சொற்களில்தான் பழைய பொருள் தங்கியிருக்கிறது: பலர் கூடி ஒரு காரியத்துக்காகப் புழங்கும் கூடம். சாலைக் கடைத்தெருவும் வலியசாலை அக்ரகாரமும் அப்பெயரை இன்றும் சுமக்கின்றன. இங்குள்ள மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர் என்னும் பெயரும் வழங்குகிறது. சோழர் கல்வெட்டுகளில் அடிபடும் காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்தது என்பது பலரது கருத்து; எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொண்ட முடிவன்று.

காந்தளூர்ச் சாலை எப்படி நடந்தது என்பதற்கு அதன் சொந்த ஆவணம் நமக்குக் கிட்டவில்லை. அதைப் பார்த்து அமைக்கப்பட்ட இன்னொரு சாலையின் ஆவணம் கிடைத்திருக்கிறது. ஆய் அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866 வாக்கில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகில், பார்த்திவசேகரபுரம் என்ற பெயரில் ஒரு விண்ணகரத்தை எழுப்பினான். அதற்கான நிலத்தை முஞ்சிறைச் சபையாரிடமிருந்து வேறு நிலத்தை மாற்றாகக் கொடுத்துப் பெற்றான். கோயிலோடு 95 சட்டர்கள் தங்கி, உண்டு, கற்பதற்கான ஒரு சாலையையும் காந்தளூரின் முறைமைப்படி நிறுவினான். இதைச் சொல்லும் செப்பேடுகள் தமிழில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. தி. அ. கோபிநாதராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அவற்றைப் பதிப்பித்தார்.

அச்செப்பேடுகள் இருக்கைகளைப் பங்கிடும் முறை கவனத்துக்குரியது. 95 இடங்களில் பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரிய சரணத்தாருக்கு 36, தலவகார சரணத்தாருக்கு 14. சரணம் என்பது ஒரு வேதக் கிளையை ஓதும் குழு. இன்னாருக்கு இன்ன இடம் என்று பெயர் குறிக்கப்படவில்லை. இன்ன குழுவுக்கு இத்தனை இடம் என்றே எண்ணப்பட்டது. வந்து சேர்பவருக்குத் தகுதியும் விதிக்கப்பட்டது. இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றோடு மூன்று அரசுகளின் நடைமுறை அறிவும் எதிர்பார்க்கப்பட்டது. ஆள் மாறினாலும் எண்ணிக்கை மாறாது. ஒருவர் வெளியேறினால் அவ்விடம் மன்னனுக்கோ கோயிலுக்கோ திரும்பிப் போகாமல் அந்தச் சரணத்திடமே நிற்கும் என்பது இப்பங்கீட்டின் உட்பொருள்.

கூடி வாழ்வதற்கான கட்டுப்பாடுகளும் அதே செப்பேட்டில் உள்ளன. சக சட்டரை இழித்துப் பேசினால் தண்டம். ஆயுதத்தால் தாக்கினால் தண்டனை இன்னும் கடுமை. கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரலாகாது. மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. விதி மீறியவருக்குச் சோறு நிறுத்தப்படும். எந்தப் பண்டமும் தனக்கென்று இல்லாத கூடத்தில் ஒருவரைக் கட்டுப்படுத்தும் வழி, அன்றைய உணவில் அவருக்குள்ள உரிமையைத் தொடுவதாகவே இருந்திருக்கிறது.

இதை உயர்த்திப் பேச வேண்டியதில்லை. அச்சாலையின் கதவு பார்ப்பனருக்கு மட்டுமே திறந்திருந்தது. அதற்குச் சோறு வந்தது பிறர் உழுத நிலத்திலிருந்து. ஆனால் பகிர்ந்த இருக்கை என்ற ஏற்பாடு எந்த நிபந்தனையில் நிலைக்கும் என்பதற்கு அது ஒரு தெளிவான சான்று. அங்கே நிலையான இடம் இல்லாதவருக்கு நிலையான உரிமை இருந்தது. எத்தனை இடம், யாருக்கு, எந்த விதியின்கீழ், மீறினால் என்ன என்பவை அழியாத உலோகத்தில் எழுதப்பட்டிருந்தன.

2. கலம்

முதலாம் இராசராசன் ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அவனுடைய கல்வெட்டுகளில், காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செயல் ஒரு விருதாக இடம்பெறத் தொடங்குகிறது. பின்வந்த சோழ மன்னர் சிலரும் அதையே தம் பெருமையாகச் சொல்லிக்கொண்டனர். என்ன நடந்தது என்பதில் ஒரு நூற்றாண்டாக விவாதம் ஓயவில்லை.

சிக்கல் 'கலம்' என்ற சொல்லில் இருக்கிறது. கலம் என்றால் மரக்கலம். ஆகவே சேரரின் கப்பல்களைச் சோழன் அழித்தான் என்றனர் ஒரு சாரார். கலம் என்றால் உண்கலம். சாலை என்பது உண்டுறையும் இடமாதலால் அங்கே எத்தனை பேருக்குக் கலம் வைப்பது என்ற ஏற்பாட்டைச் சோழன் நிறுத்தினான் அல்லது திருத்தினான் என்றனர் மற்றொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை குறித்தே தனியாக ஒரு நூல் எழுதினார். சாலையில் படைக்கலப் பயிற்சியும் நடந்தது என்று கருதி அதன் வழியே பொருள் கண்டவர்களும் உண்டு.

விவாதம் முடியவில்லை. ஆயினும் இரண்டாம் விளக்கம் எழ முடிந்ததே ஒரு மொழிச் செய்தியைச் சொல்கிறது. தமிழில் ஒருவருக்கு முன் வைக்கப்படும் ஏனம், அவருக்கு அந்தக் கூடத்தில் உள்ள இடத்தைக் குறிக்கும் அளவையாகவும் நிற்க வல்லது. இன்றும் விருந்துக்கு வருவோரை 'எத்தனை இலை' என்று எண்ணுகிறோம். யாருடைய இலை எந்த மூலையில் என்பதைவிடத் தனக்கொரு இலை உண்டு என்பதே விருந்தினருக்கு முதன்மை. பந்தியில் எவரும் நேற்று அமர்ந்த இடத்தைத் தேடுவதில்லை. தனக்கு இலை இல்லை என்றால்தான் எழுந்து போகிறார்கள்.

பந்தியிலும் யார் பக்கத்தில் யார் அமரலாம் என்பது நெடுங்காலம் சாதியால் கட்டப்பட்டிருந்தது. 1917-இல் கொச்சி அரசின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் நடத்திய மிசிரபோஜனம், அதாவது சாதி கலந்த உணவு, அக்கட்டை மீறிய நிகழ்ச்சி. எந்த இடத்திலும் எவரும் அமரலாம் என்ற நிலைக்கு ஒரு விடுதலைப் பொருளும் உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. நிலையான இருக்கை பாதுகாப்பைத் தருவது போலவே ஏற்றத்தாழ்வையும் நிலைக்க வைக்கும்.

3. கச்சேரி

சாலை மறைந்த பல நூற்றாண்டுகளுக்குப் பின் இதே நகரில் இன்னொரு வகைக் கூடம் எழுந்தது. திருவிதாங்கூரின் தலைமைச் செயலகமான ஹஜூர் கச்சேரி, சுவாதித் திருநாளின் ஆட்சியில் (1829–1846) கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. திவான் தி. மாதவராவின் காலத்தில், 1865-இல், புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1869-இல் அது திறக்கப்பட்டது. பொறியாளர் வில்லியம் பார்ட்டன் வடிவமைத்த அந்த வெண்ணிறக் கட்டடமே இன்றும் கேரளத்தின் தலைமைச் செயலகம். மேலே கண்ட ஆய் மன்னனின் செப்பேடுகள் ஆய்வுலகில் 'ஹஜூர் ஆபீஸ் செப்பேடுகள்' என்று பெயர்பெற்றதும் அவை இந்தக் கச்சேரியில் பேணப்பட்டதால்தான்.

'கச்சேரி' வடக்கிலிருந்து வந்த சொல். கூட்டம் கூடி வழக்குக் கேட்கும் இடம் என்பது அதன் பொருள். அதே சொல் தமிழில் பாட்டுக் கேட்கக் கூடும் கூட்டத்துக்கும் பெயராயிற்று. கச்சேரியில் இடம்பிடித்த பொருள்களின் பெயர்கள் வேறு திசையிலிருந்து வந்தவை. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகிய நான்கும் போர்த்துக்கீசியச் சொற்கள். மலையாளத்தின் கசேரையும் ஈழத் தமிழின் கதிரையும் அம்மொழியின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டில் அதற்கு நாற்காலி என்று சொந்தப் பெயர் அமைந்தது. தனக்கென்று ஒரு மேசை, அதனருகில் ஓர் அலமாரி, அதைப் பூட்ட ஒரு சாவி, வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல்: தனியிடம் என்று இன்று அலுவலர் மனத்தில் கொண்டிருக்கும் படம் முழுவதும் இக்கடன் சொற்களாலேயே வரையப்பட்டது.

அதற்கு முன் இங்கே எழுத்து வேலைக்கு இடம் இல்லாமலில்லை. கணக்கர் தரையில் அமர்ந்து மடியில் ஓலை வைத்து எழுதினார். திண்ணையில் பள்ளி நடந்தது. அதே திண்ணையில் பிற்பகலில் பஞ்சாயத்தும் இரவில் வழிப்போக்கரின் உறக்கமும் நடந்தன. கடைத்தெருவில் வணிகருக்குக் கல்லாப்பெட்டி இருந்தது. பெட்டி இருக்குமிடமே அவர் இருக்குமிடம். இடம் பொதுவாகவும் கருவி சொந்தமாகவும் இருந்த உலகம் அது. எழுத்தாணி எழுதுபவருடையது, திண்ணை தெருவினுடையது. மேசை வந்தபோதுதான் கருவியும் இடமும் ஒன்றாகிப் பிரிக்க முடியாதபடி ஒட்டின.

ஒட்டியபின் அது அதிகாரத்தின் பெயராயிற்று. 'நாற்காலிச் சண்டை' என்றால் எவரும் மரத்துண்டைப் பற்றிய சண்டை என்று கொள்வதில்லை.

4. நாற்காலிக்கு நடந்த போராட்டம்

திருவிதாங்கூரில் அரசு நாற்காலி யாருக்கு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்படையான அரசியல் கேள்வியாயிற்று. திவான் பதவியும் உயர் அலுவல்களும் பெரிதும் வெளியிலிருந்து வந்த பிராமணர் கையில் இருந்தன. 1891 சனவரியில் 10,028 பேர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் மகாராஜா மூலம் திருநாளிடம் அளிக்கப்பட்டது. மண்ணின் மக்களுக்குக் கல்வித் தகுதி இருந்தும் அரசுப் பணியில் இடமில்லை என்பது அதன் முறையீடு. அம்முறையீட்டின் மறுமுனையில் இருந்தவர்கள் யார் என்று கேட்டால், வலியசாலை, கரமனை, கோட்டைப் பகுதி அக்ரகாரங்களின் தமிழ்க் குடும்பங்களையும் சேர்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். இத்தெருக்களின் வரலாற்றை எழுதுவோர் கோயிலையும் இசையையும் எழுதுவதோடு இதையும் எழுதியாக வேண்டும்.

1896-இல் டாக்டர் பல்ப்பு முன்னின்று நடத்திய ஈழவ மெமோரியலில் 13,176 பேர் கையொப்பமிட்டனர். மருத்துவம் படித்த பல்ப்புவுக்கே சொந்த நாட்டின் அரசுப் பணியில் இடம் கிடைக்கவில்லை; அவர் மைசூர் அரசில் பணியாற்றினார். கச்சேரிகள் பலவற்றின் அருகே நெருங்கவே தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. அங்கே அமர்வது பின்னர். முதலில் வாசலை எட்ட வேண்டியிருந்தது. 1930-களில் ஈழவர், கிறித்தவர், முசுலிம்கள் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டம் சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் விகிதாசாரப் பங்கு கேட்டது. 1936-இல் திருவிதாங்கூரில் பொதுப்பணி ஆணையர் ஒருவர் நியமிக்கப்பட்டு, பணியமர்த்தல் ஒரு விதிமுறைக்குள் வந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானதும் அதே ஆண்டில்தான்.

திருவிதாங்கூருக்கு வெளியே, நாற்காலி கிடைத்தபின்னும் அமர முடியாத நிலைக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அம்பேத்கரின் மேசைமீது, தீட்டுக்கு அஞ்சிய ஏவலர்கள் கோப்புகளைத் தூர நின்று எறிந்தார்கள்.

இந்தப் பின்னணியில் ஓர் அலுவலரின் மேசைமீதுள்ள பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாக அலுவலக வேலைக்கு வந்த ஒருவருக்கு, தன் பெயர் எழுதிய இடம் என்பது இரண்டு மூன்று தலைமுறைகளின் மனுக்களுக்கும் கையொப்பங்களுக்கும் கிடைத்த விடை. அதை நீக்கும்போது 'மேசைதானே' என்று சொல்பவர், மேசை எப்போதும் கிடைத்துவந்த குடும்பத்திலிருந்து வந்தவராக இருக்க வாய்ப்பு மிகுதி. பகிர்வு மேசையை எதிர்க்கும் பணியாளரைப் 'பழக்கத்தின் அடிமை' என்று மேலாண்மைப் பயிற்சியாளர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பழக்கம் உண்மைதான், அதன் அடியில் கிடப்பது இழந்துவிடக் கூடாத ஒன்றைப் பற்றிய நினைவு.

5. மேலைநாடுகள் கற்ற பாடம்

பகிர்வு மேசையின் இன்றைய வடிவம் மேலைநாட்டு அலுவலகங்களிலிருந்து வந்தது. அங்கும் அதன் வரலாறு நேர்க்கோடாகச் செல்லவில்லை.

ஒரே படுக்கையில் முறைமாற்றி உறங்கும் வழக்கம் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழையது. ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவர் படுத்துவிடுவார். 'சூடான மேசை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதன் வழிவந்தது. 1950-களின் இறுதியில் ஜெர்மனியின் ஷ்னெல்லே உடன்பிறப்புகள், அறைகளையும் வரிசைகளையும் உடைத்து, 'அலுவலக நிலக்காட்சி' என்ற திறந்தவெளி அமைப்பைக் கொண்டுவந்தனர். பதவிக்கேற்ற அறை என்ற படிநிலையை உடைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பின்னர் வட ஐரோப்பிய நாடுகளில் பணியாளர் மன்றங்களுக்குச் சட்டப்படி கருத்துச் சொல்லும் உரிமை கிடைத்தபோது, அவை அந்த இரைச்சலான கூடங்களை ஏற்க மறுத்தன. அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் 1960-களில் வடிவமைத்த நகர்த்தக்க தடுப்புகள் பணியாளருக்குச் சுதந்திரம் தருவதற்காக உருவானவை. செலவைக் குறைக்க நினைத்த நிறுவனங்கள் அவற்றையே நெருக்கி அடுக்கி, 'க்யூபிக்கிள்' என்ற சிறு பெட்டிகளாக்கின.

எல்லாவற்றையும்விடப் பேசப்பட்டது லாஸ் ஏஞ்சலீசின் சயட்/டே விளம்பர நிறுவனம். அதன் தலைவர் ஜே சயட் 1994 வாக்கில் தனி மேசைகளை முழுவதும் ஒழித்தார். பணியாளர்கள் காலையில் முகப்பில் வரிசையில் நின்று கணினியும் தொலைபேசியும் வாங்கிக்கொண்டு, கிடைத்த சோபாவில் அமர வேண்டும். விளைவு விரைவில் தெரிந்தது. கருவிகள் போதவில்லை, சிலர் விடியற்காலையில் வந்து கணினியை எடுத்து ஒளித்துவைத்தனர், சிலர் கோப்புகளைத் தம் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டனர், ஒருவர் பொம்மை வண்டியில் தம் தாள்களை இழுத்துக்கொண்டு திரிந்தார். 1998-இல் அந்நிறுவனம் புதிய கட்டடத்துக்கு மாறியபோது எல்லாருக்கும் மீண்டும் சொந்த இடம் தரப்பட்டது. தமிழ்நாட்டுப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைக் கண்டவருக்கு இதில் வியப்பொன்றும் இராது. போட்டிக்கு விடப்பட்ட எந்த இருக்கையும் துண்டை வரவழைக்கும்.

எதிர்த்திசையில் ஒரு சான்று: நெதர்லாந்தின் ஆபெல்டோர்னில் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் சென்ட்ரால் பெஹேர் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1972-இல் முடித்த அலுவலகம். அவர் சுவர்களைப் பூசாமல் கல்லாகவே விட்டார். செடியும் படமும் கொண்டுவந்து அவ்விடத்தை முடிப்பது பணியாளரின் வேலை என்பது அவர் எண்ணம். பணியாளர்கள் அதைச் செய்தார்கள்.

ஆய்வுகளும் இத்திசையையே காட்டுகின்றன. பிரிட்டனில் கிரெய்க் நைட், அலெக்சாண்டர் ஹாஸ்லம் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட சோதனைகளில், வெறுமையான அறையில் வேலை செய்தவரைவிடச் செடியும் படமும் வைத்த அறையில் வேலை செய்தவர் மேலாகச் செய்தனர். அவற்றைத் தாமே அமைத்துக்கொண்டவர் இன்னும் மேலாகச் செய்தனர். பணியாளர் அமைத்ததை அவர் கண்முன்னே மற்றவர் மாற்றியமைத்தபோது அந்தக் கூடுதல் நன்மை மறைந்தது. பொருள்கள் அதே அறையில்தான் இருந்தன; போனது அவற்றின்மீதிருந்த சொல். ஈத்தன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் ஆகியோரின் 2018 ஆய்வு, தடுப்புகளை நீக்கித் திறந்த கூடத்துக்கு மாறிய அலுவலகங்களில் நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து மின்னஞ்சல் கூடியதைக் கண்டது. சுவரை எடுத்தால் மக்கள் தாமே பேசுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்தது.

6. பழகுதல் என்றால் என்ன

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய அலுவலகங்களுக்குச் சில தெளிவான முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, தனியாளின் இடத்தை எடுக்கும்போது குழுவின் இடத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். 45, 36, 14 என்ற பங்கீடு செய்த வேலை அதுவே. இத்தனை பேர் கொண்ட குழுவுக்கு இந்தத் தளத்தின் இந்தப் பகுதியில் இத்தனை மேசை என்பது உறுதியாகத் தெரிந்தால், புதிதாகச் சேர்ந்தவர் யாரைக் கேட்பது, எங்கே போய் அமர்வது என்று தடுமாற மாட்டார். தெரிந்த முகங்களுக்கு நடுவே மேசை மாறுவது சிறிய மாற்றம். ஆயிரம் பேர் நடுவே தினம் ஒரு மூலை என்பது பெரிய மாற்றம். எத்தனை பேருக்கு எத்தனை மேசை என்ற விகிதத்தையும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். இலை போதாது என்று பந்தியில் உட்கார்ந்தபின் தெரிவது அவமதிப்பு.

இரண்டாவது, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இளையவர்கள் மேசையைப் பகிர, மேலாளரின் கண்ணாடி அறை மட்டும் பெயர்ப்பலகையோடு நின்றால், பகிர்வு என்ற சொல் பொய்யாகிறது. பழைய படிநிலை அங்கே இன்னும் கூர்மையாகத் தெரியும். யார் பக்கத்திலும் யாரும் அமரலாம் என்ற சமத்துவப் பயன் கிடைக்க வேண்டுமானால் அது மேலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது, மேசை போனாலும் அலமாரியும் சாவியும் தங்க வேண்டும். திண்ணையில் எழுதியவருக்கு எழுத்தாணி சொந்தமாக இருந்தது. பூட்டி வைக்கத்தக்க ஒரு பெட்டி, தன் உயரத்துக்கேற்ற நாற்காலி அமைப்பு, தனக்குரிய விசைப்பலகை ஆகியவை செலவு குறைந்தவை. அவை இல்லாதபோது காரின் பின்பெட்டியே அலமாரியாகும்.

நான்காவது, எல்லாரையும் நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர், பார்வைக் குறைபாட்டுக்கான கருவியைப் பயன்படுத்துபவர், முதுகுவலிக்காகச் சிறப்பு இருக்கை தேவைப்படுபவர், கருவுற்றிருப்பவர் ஆகியோருக்கு நிலையான இடம் சலுகையாகத் தரப்படுவதன்று. மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை, தக்க வசதி செய்து தருவதை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கோருகிறது. நாள்தோறும் முன்பதிவில் போட்டியிட்டு அதைப் பெறச் சொல்வது அச்சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது.

ஐந்தாவது, முடிவெடுக்குமுன் கேட்க வேண்டும். முடிவெடுத்தபின் நடக்கும் பயிற்சி வகுப்பு கருத்துக் கேட்பாகாது. முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்ற அரசன்கூட மாற்று நிலம் கொடுத்துத்தான் பெற்றான். இடத்தை வாங்குபவர் எதைத் திருப்பித் தருகிறார் என்ற கேள்விக்கு நிறுவனம் விடை வைத்திருக்க வேண்டும். கட்டட வாடகையில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு பணியாளரின் வசதிக்கு, பயண நேரத்துக்கு, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களுக்குத் திரும்புகிறதா என்பதை அவர்கள் கணக்குப் பார்க்கவே செய்வார்கள்.

பார்த்திவசேகரபுரத்துச் செப்பேட்டில் பெயர் எழுதிய இருக்கை ஒன்றும் இல்லை. எத்தனை இடம் என்பது இருக்கிறது. மீறினால் என்ன நேரும் என்பது இருக்கிறது. தகுதியோடு வந்து விதிக்குட்பட்டு அமர்ந்தவருக்கு அன்றைய சோறு உண்டு என்பது இருக்கிறது. பெயர்ப்பலகையைக் கழற்றும் எந்த அலுவலகமும் அந்த மூன்றையும் முதலில் எழுதிக் கொடுக்கட்டும். பழகுவதற்கு மனிதருக்கு அதிக நாள் ஆகாது.